கழித்துவிட்ட கம்பெனிகள்

கோந்த்வாவில் நமக்கு ஒரு வீடு இருந்திருக்க வேண்டும். மூன்றாவது மாடி. சமையலறையில் கிழக்குப் பார்த்த ஜன்னல். அது ஏன் இல்லாமல் போனது என்று உங்கள் இருவருக்கும் அரைகுறையாகத்தான் தெரியும். அம்மா சொன்னதில்லை. அவள் சொல்லாமல் விட்டதை நான்தான் எழுதியாக வேண்டும். உங்களில் ஒருத்திக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். ஒருவனுக்கு அதுவும் வராது. அக்கா படிக்கட்டும், தம்பி கேட்டுக்கொள்ளட்டும். நான் பத்தாவதும் ஐ.டி.ஐ.யும் படித்தவன். பெரிய வார்த்தை எதுவும் வராது, பயப்பட வேண்டாம்.

கட்கியில் நாம் இருந்தது ஃபேக்டரி குவார்ட்டர்ஸ். ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு, பின்னால் துணி காயப்போட ஒரு முழம் இடம். நான் ரிட்டயர் ஆனால் சில மாதங்களில் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இது குவார்ட்டர்ஸில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அதனால் அங்கே ஐம்பது வயதைத் தாண்டிய எவனைப் பார்த்தாலும் முதல் கேள்வி உடம்பு எப்படி என்று இருக்காது. "எங்க செட்டில்?" என்றுதான் இருக்கும். ஒருத்தர் திகி என்பார், ஒருத்தர் பிம்ப்ரி என்பார், ஒருத்தர் ஊருக்கே போகிறேன் என்பார். பதில் இல்லாதவன் சிரித்துவிட்டு சைக்கிளை மிதித்துப் போய்விடுவான். நானும் அப்படி மிதித்துப் போனவன்தான்.

வேலை உங்களுக்குத் தெரியும். வெடிமருந்துத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு. உலோகக் குப்பிகள் மேஜைக்கு வரும். கேஜ் என்று ஓர் அளவுக்கருவி, அதற்கு இரண்டு முனை. ஒரு முனை குப்பிக்குள் போக வேண்டும், மறுமுனை போகக்கூடாது. போகாத முனை போய்விட்டால் அந்தக் குப்பி கழிவு. சிவப்புப் பெயிண்ட் அடித்த பெட்டியில் போட வேண்டும். சாயந்திரம் அந்தப் பெட்டியைக் கவிழ்த்து எத்தனை கழிவு என்று எண்ணிப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் லாட், அதாவது அந்த மொத்தத் தொகுதி, வெளியே போகும். சந்தேகம் வந்தால் இரண்டாவது கேஜை எடுத்துப் பார்ப்போம். இரண்டு கேஜும் ஒன்றையே சொன்னால் அளவு சரி. முப்பது வருடத்துக்கு மேல் இதைத்தான் செய்தேன். அளக்காமல் எதையும் நம்பாதவன் என்று எனக்கு நானே ஒரு பட்டம் கொடுத்துக்கொண்டேன். நம்மைக் கெடுத்தது அந்தப் பட்டம்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கட்கி பஜாரில் டீ குடிக்க நின்றால்கூட ஷேர் பேச்சுத்தான். யாருடைய சகலையோ மும்பையில் இருப்பான், அவன் ஒரு கம்பெனி பெயர் சொல்லியிருப்பான், சாயந்திரத்துக்குள் பாதி செக்‌ஷன் அதை வாங்கியிருக்கும். அப்புறம் எல்லாம் ஒரே வாரத்தில் கவிழ்ந்தது. பக்கத்து மேஜைக்காரர் ஒரு மராத்தியர். மனைவிக்குத் தெரியாமல் வாங்கிய ஷேர் பத்திரங்களை டிபன் பாக்ஸ் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு ஃபேக்டரிக்கும் வீட்டுக்கும் தூக்கிக்கொண்டே அலைந்தார். நான் அவரிடம் சொன்னேன், "கேஜ் வெச்சுப் பாக்காம வாங்கினா அப்படித்தான்." அன்று நான் ஒரு பைசாகூடப் போடவில்லை. பயந்துபோய்ப் போடாமல் இருந்தேன். அதை வெளியே புத்தி என்று சொல்லிக்கொண்டேன்.

பத்து வருடம் போயிற்று. இரண்டாயிரத்துக்குப் பிறகு காகிதப் பத்திரம் போய் எல்லாம் கம்ப்யூட்டருக்குள் வந்தது. செய்தித்தாளில் சந்தைப் பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தேன். பெரிய கம்பெனிகளின் குறியீடு எல்லாருக்கும் தெரியும், டிவியில் தினமும் சொல்வான். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் வேறு சில குறியீடுகள் வர ஆரம்பித்தன. சிறு கம்பெனிகளின் குறியீடு அதில் ஒன்று.

குறியீடு என்றால் என்ன? ஒரு வகுப்புக்குச் சராசரி மார்க் போடுகிற மாதிரி. ஒவ்வொரு பிள்ளையின் மார்க்கையும் சொல்லாமல், மொத்த வகுப்பும் நேற்றைவிட இன்று எப்படி என்று ஒரே எண்ணில் சொல்வது. நம் நாட்டில் இரண்டு பெரிய சந்தைகள். இரண்டுமே சிறு கம்பெனிகளுக்குத் தனித்தனியாக ஒரு குறியீடு வைத்திருந்தன. ஒன்றில் பல நூறு கம்பெனிகள். மற்றதில் அதைவிடக் குறைவு.

எனக்கு வேறென்ன தெரியும்? அளக்கத் தெரியும். பஜாரில் கிராஃப் தாள் வாங்கினேன். ஃபேக்டரித் தாள் இல்லை, காசு கொடுத்து வாங்கியது. பெரிய குறியீட்டுக்குக் கறுப்புப் பென்சில், பல நூறு கம்பெனிக் குறியீட்டுக்கு நீலம், மற்றதற்குச் சிவப்பு. தினமும் காலையில் பேப்பர் வந்ததும் மூன்று புள்ளி. தாள் தீர்ந்தால் அடுத்த தாளைப் பசை போட்டு ஒட்டுவேன். அது சுவரில் நீண்டு அலமாரி வரை போயிற்று. உங்கள் அம்மா அலமாரியை நகர்த்த விடவில்லை. அதனால் மறுபடி கதவுப் பக்கம் திரும்பினேன்.

கோடுகள் சொன்னது இதுதான். கறுப்பு ஏறினால் நீலமும் சிவப்பும் அதைவிட வேகமாக ஏறுகின்றன. இறங்கினாலும் வேகமாக இறங்குகின்றன, ஆனால் மறுபடி எழுந்து முன்னைவிட மேலே போகின்றன. நீலமும் சிவப்பும் வேறு வேறு ஆட்கள், வேறு வேறு பட்டியலை வைத்துப் போடுகிற கணக்கு. ஆனாலும் ஒரே பக்கம் போகின்றன. இரண்டு கேஜ், ஒரே அளவு. எனக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நம்மிடம் பணம் சேர்ந்தது. வேலூர்ப் பக்கத்து நிலத்தில் என் பங்கை அண்ணன் வாங்கிக்கொண்டான். போஸ்ட் ஆபீஸில் போட்டது முதிர்ந்தது. மூன்றாவது, உங்கள் அம்மா பதினாறு வருடமாகக் குவார்ட்டர்ஸ் பெண்களுக்குப் புடவை ஃபால் அடித்தும், பிளவுஸ் தைத்தும் சேர்த்தது. இதை நீங்கள் மறக்கக்கூடாது. போனது என் பணம் மட்டும் இல்லை.

ஊரின் மறுகோடியில், கோந்த்வாவில், புதிதாகக் கட்டிடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. கையில் இருந்ததைக் கட்டி, மீதிக்குக் கடன் எடுத்தால் ஒரு பெட்ரூம் வீடு வரும். அம்மாவுக்கு அது போதும். எனக்குத்தான் போதவில்லை. பெண் காலேஜில் சேர்ந்துவிட்டாள், சமையல்கட்டில் உட்கார்ந்து படிக்கிறாள், அவளுக்கென்று ஒரு ரூம் வேண்டும் என்று பேச ஆரம்பித்தேன். அப்போது நீ சொன்னது ஞாபகம் இருக்கிறதா?

"எனக்கு ரூம்லாம் வேணாம்பா. பாத்ரூம் கதவுக்கு ஒரு தாழ்ப்பா போட்டுக் குடு, பஸ், அது போதும்."

எல்லாரும் சிரித்தோம். நான் மறுநாள் தாழ்ப்பாள் வாங்கி மாட்டினேன். ஆனால் ரூம் ஆசையை விடவில்லை. ஒரே வருடம் இந்தப் பணத்தைச் சிறு கம்பெனிகளில் போட்டால் ஒரு பெட்ரூம் இரண்டு பெட்ரூம் ஆகும் என்று சுவரைக் காட்டி அம்மாவிடம் விளக்கினேன். அவள் தைத்துக்கொண்டே கேட்டாள். ஊசியில் நூல் கோத்துக்கொண்டு சொன்னாள்:

"உங்க கோடு மேல போவுது, செரி. வூட்டு வெலயும்தான் மேல போவுது. ரெண்டுல எது முன்னாடி போவும்னு உங்க பென்சிலுக்குத் தெரியுமா?"

"தெரியும். கோந்த்வா ரேட்டையும் கேட்டு எழுதிக்கினு வந்திருக்கேன். கோடுதான் வேகம்."

"அப்ப ஒரு வருசம். அது வரைக்கும் ஒரு வார்த்த கூட கேக்க மாட்டேன், சொல்லவும் மாட்டேன்."

அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். நான்தான் காப்பாற்றவில்லை.

கட்கி பஜாரில் ஒரு மாடியில் ஷேர் வாங்கி விற்றுத் தருகிற புரோக்கர் இருந்தான். நம்மூர்ப் பையன்தான், கட்கியிலேயே பிறந்தவன். நமக்கு முன்னாலேயே வந்து குடியேறின குடும்பம். எனக்கு அவனைப் பிடிக்கும், ஏனென்றால் என் கிராஃபை அவன் மதித்தான். "அங்கிள், நீங்க டிவில வரவேண்டிய ஆளு" என்பான். குறியீட்டையே வாங்க முடியுமா என்று கேட்டேன். அந்தக் காலத்தில் என்னைப் போன்றவன் அப்படி வாங்க ஒரு வழியும் அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. "கோட்ட வாங்க முடியாது அங்கிள். உள்ள இருக்கற கம்பெனிய வாங்கலாம்." சிவப்புக் கோடு நீலத்தைவிடக் கொஞ்சம் வேகமாக ஏறிக்கொண்டிருந்தது. அதனால் சிவப்புப் பட்டியலிலிருந்தே ஐந்து கம்பெனிகளை எடுத்தேன். ஒன்று பைப் செய்வது. ஒன்று ஜவுளி. ஒன்று ரோடு போடுவது. ஒன்று சாஃப்ட்வேர் என்று பெயர் வைத்திருந்தது, என்ன செய்தது என்று எனக்கு இன்று வரை தெரியாது. ஐந்தாவது சர்க்கரை. பட்டியலுக்குள் நுழைய ஒரு தகுதி வேண்டும் அல்லவா, யாரோ பெரியவர்கள் அளந்துதானே சேர்த்திருப்பார்கள் என்று நினைத்தேன். என் வேலையை வேறு எவனோ செய்து முடித்துவிட்டான் என்று நம்பினேன். ஃபேக்டரியில் ஒரு நாளும் நான் அப்படி நம்பியதில்லை.

முதல் வருடம் நான் சொன்னது நடந்தது. ஏன், அதற்கு மேலும் நடந்தது. குவார்ட்டர்ஸ் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துவிட்டுப் போனார்கள். என்னை 'கிராஃப்வாலா' என்று கூப்பிட்டார்கள். இரண்டு மூன்று பேர் என் பேச்சைக் கேட்டுப் பணமும் போட்டார்கள். நான் ஒரு குச்சி வைத்துக்கொண்டு, சின்ன கோடு பெரிய கோட்டைவிட எவ்வளவு தூரம் விலகியிருக்கிறது, எங்கே மூன்று நாள் தொடர்ந்து இறங்கியது, எங்கே திரும்பியது என்று சொல்வேன். உங்கள் அம்மா டீ போட்டுக் கொடுத்தே சலித்தாள். "வர்றவங்க சுவத்தப் பாத்துட்டுப் போவட்டும், டீக்கு மட்டும் டிக்கெட் போடுங்க" என்றாள்.

வருடம் முடிந்தது. அவள் கேட்கவில்லை. நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் கோந்த்வாவுக்கு அழைத்துப் போனேன். மாதிரி வீடு என்று ஒன்றைத் திறந்து வைத்திருந்தார்கள். பில்டரின் ஆள் எங்களுக்குத் தண்ணீர் கொடுத்து, "பாபி, காலை வெயில் நேராக அடுப்பு மேல விழும்" என்று அம்மாவை அண்ணியாக்கி இந்தியில் சொன்னான். அம்மா சமையலறை ஜன்னலைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். குழாயைத் திருகினாள். தண்ணீர் இன்னும் விடவில்லை, காற்றுதான் வந்தது. அதற்கே சிரித்தாள். அலமாரிப் பலகை தன் கைக்கு எட்டுகிறதா என்று எக்கிப் பார்த்தாள். பிறகு பக்கத்து ரூமுக்குப் போனாள். ஆமாம், இரண்டாவது பெட்ரூம். அன்று விற்றிருந்தால் அந்த இரண்டாவது ரூமும் சேர்ந்து வந்திருக்கும், சின்னக் கடனோடு. 

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது சொன்னாள்:

"வித்துடுங்க. இதுவே போதும்."

"மார்ச் வரைக்கும் பாக்கலாம்."

"எதுக்கு?"

"கடனே இல்லாம வாங்கிடலாம். கோடு இன்னும் திரும்பல. ரெண்டு கோடும் ஒண்ணாப் போவுது பாரு."

"ஒரு வருசம்னீங்க."

"நீதானே கேக்க மாட்டேன்னு சொன்ன?"

அவள் என்னைப் பார்த்தாள். பஸ் வந்தது. பெண்கள் பக்கத்தில் இடம் கிடைத்து உட்கார்ந்தாள். நான் பின்னால் நின்றுகொண்டு வந்தேன். கட்கி வரும்வரை அவள் திரும்பவில்லை.

என் கிராஃபே என்னை எச்சரித்தது. அதையும் மறைக்க மாட்டேன். நீலமும் சிவப்பும் கறுப்பை விட்டு அத்தனை தூரம் விலகி அதற்கு முன் ஒரு நாளும் போனதில்லை. பழைய தாள்களில் அதில் பாதி தூரம் விலகிய இடங்களில்கூட பிறகு சறுக்கல் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, 'இந்தத் தடவை வேறு' என்று எனக்கு நானே சொன்னேன். ஃபேக்டரியில் ஒரு குப்பிகூட என்னிடம் அப்படிச் சொல்லித் தப்பித்ததில்லை.

இரண்டாயிரத்து எட்டு ஜனவரியில் விழுந்தது. முதல் நாள் நான் ஷிப்ட் முடிந்து பஜார் மாடிக்கு ஓடினேன். அங்கே நிற்க இடம் இல்லை. ஆனால் சத்தமே இல்லை. எல்லாரும் டிவியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் ஐந்தையும் விற்றுவிடு என்றேன். அவன் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினான்.

"யாருக்கு விக்கறது அங்கிள்? வாங்க ஆளே இல்ல. இன்னிக்கு இதுக்கு மேல விழக்கூடாதுன்னு பூட்டு போட்டுட்டான். நாளைக்குத் தொறந்ததும் இன்னும் கீழ போயி மறுபடி பூட்டு."

"அப்ப எப்பதான் விக்கறது?"

"டென்ஷன் நை லேனே கா, கவலப்படாதீங்க. திரும்பி வரும்."

பெரிய கம்பெனி ஷேர் என்றால் நஷ்டத்துக்காவது விற்கலாம். சிறு கம்பெனிக்கு அந்த வசதியும் இல்லை. கூட்டம் இருக்கும்போது மட்டும்தான் அதற்குக் கதவு உண்டு. இந்த விஷயம் எந்தக் கோட்டிலும் தெரியாது. வாரக்கணக்கில் அப்படியே போயிற்று. பூட்டு எடுத்தபோது விலை எங்கே நின்றது என்றால், விற்று என்ன ஆகப்போகிறது என்று யாரும் நினைக்கிற இடத்தில் நின்றது. நான் விற்கவில்லை. திரும்பி வரும் என்று காத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் வருவதை நிறுத்தினார்கள். என் பேச்சைக் கேட்டுப் போட்டவர்களில் ஒருவர் கேன்டீனில் நான் வந்தால் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். 'கிராஃப்வாலா' என்று இப்போதும் கூப்பிட்டார்கள். ஆனால் அந்தக் குரல் வேறு.

சுவரில் தாளைக் கிழிக்கவில்லை. கீழே இறங்கிய கோட்டுக்கு இடம் போதாமல் கீழ்ப்பக்கமாக இன்னொரு தாள் ஒட்டினேன். புத்தி அப்போதும் வரவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

ஒன்பதாம் ஆண்டு கோடையில் சந்தை திடீரென்று எழுந்தது. அந்த வருடக் கடைசியில் எனக்கு ரிட்டயர்மென்ட். ஒரு நாள் ஷிப்ட் முடிந்து வருகிறேன், அம்மா வாசலிலேயே நிற்கிறாள். முகத்தில் அந்தக் கோந்த்வா சிரிப்பு, ஒன்றரை வருடம் கழித்து.

"என்னாங்க, டிவில சொன்னான், கேட்டீங்களா? சின்ன கம்பெனிங்க எல்லாம் பெரிசுங்களவிட வேகமா ஏறுதாம். நம்மளது சின்ன கம்பெனிதானே?"

"ஆமா."

"அப்ப ரெண்டு ரூம் வேணாம். ஒரு ரூமு வருமில்ல?"

அன்று பில்டர் கொடுத்த வீட்டுப் படத்தாளை எடுத்துக் கட்டிலின் மேல் விரித்து வைத்திருந்தாள். அந்தக் கட்டிடத்தில் வீடு எதுவும் மீதி இருக்காது என்று இருவருக்கும் தெரியும். பக்கத்தில் வேறு கட்டிடம் வருகிறதாம், யாரிடமோ விசாரித்திருக்கிறாள். எனக்கும் தெம்பு வந்தது. சுவரைப் பார்த்தேன். நீலமும் சிவப்பும் நிமிர்ந்து எழுந்து, அடிமட்டத்திலிருந்து இரண்டு மடங்கு உயரத்துக்கு வந்துவிட்டன. என் ஐந்து கம்பெனிகளின் விலையை நான் மாதக்கணக்கில் பார்க்கவே இல்லை. பார்க்கப் பயம். கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். கோடு எழுந்தால் அவையும் எழுந்திருக்கும் என்று கையெழுத்துப் போடாத குறை.

மறுநாள் பஜார் மாடிக்குப் போனேன். புரோக்கர் பையன் ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தான். சர்க்கரை மட்டும் பாதி எழுந்திருந்தது. மற்ற நான்கும் தரையில் கிடந்தன. அதில் ஒன்று வியாபாரமே நின்றுபோய், வெறும் பெயராக இருந்தது.

"சிவப்பு கோடு இவ்ளோ ஏறியிருக்கேப்பா" என்றேன்.

"ஏறியிருக்கு. ஆனா உங்க நாலும் இப்ப அதுல இல்லயே அங்கிள்."

"இல்லன்னா?"

"லிஸ்ட்டுலருந்து தூக்கிட்டான். எப்பவோ. ஆடாத பிளேயர தூக்கிட்டு வேற ஆள எடுக்கறான் இல்ல, அந்த மாதிரி. இப்ப ஏறுது பாருங்க, அது புதுசா வந்தவனுங்க அடிக்கற ரன்னு. டீம் ஜெயிச்சுது. நீங்க உங்க காச டீம் மேல கட்டல. தூக்கின ஆளுங்க மேல கட்டிட்டீங்க."

இதை அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். கெட்டவன் இல்லை. டீயும் வரவழைத்தான். நான் குடித்தேன்.

இதில் மோசடி எதுவும் இல்லை. நீங்கள் யாரையும் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. பட்டியலில் யார் உள்ளே, யார் வெளியே என்று அவ்வப்போது அறிவித்துவிட்டுத்தான் செய்கிறார்கள். பேப்பரிலும் வந்திருக்கிறது. நான் அந்தப் பத்தியைத் தாண்டித்தான் எண்ணுக்குப் போயிருக்கிறேன். விழும்போது எங்களோடு சேர்ந்து விழுந்த கோடு, ஏறும்போது எங்களை இறக்கிவிட்டுவிட்டு ஏறியது. நீலக் கேஜும் சிவப்புக் கேஜும் ஒன்றையேதான் சொன்னன, பொய்யும் சொல்லவில்லை. ஆனால் அவை அளந்தது அவர்களுடைய பட்டியலை. என் மேஜையில் கிடந்த ஐந்தை யாருமே அளக்கவில்லை. அளக்க வேண்டியவன் நான்.

அம்மாவிடம் சொல்ல வேண்டும். படத்தாள் இன்னும் கட்டில் மேலேயே இருந்தது. நின்றுகொண்டே சொன்னேன். கோடு ஏறியது நம்முடையது இல்லை, நம்முடையதைக் கழித்துவிட்டார்கள் என்றேன். அவளுக்கு முதலில் பிடிபடவில்லை. இரண்டு தடவை சொன்னேன். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"ஃபேக்டரில நீங்க கெட்டுப்போன பீஸ எடுத்துப் போட்டா, எத்தினி போட்டோம்னு எழுதுவீங்கல்ல?"

"எழுதுவோம்."

"எழுதாம உட மாட்டாங்கன்னு என் கல்யாணம் ஆன நாள்லருந்து சொல்றீங்க. நானே கையெழுத்து போடற அளவுக்கு எனக்கு அது தெரியும். இங்க எவன எவன எடுத்துப் போட்டாங்கன்னு ஒரு நாளாவது பாத்தீங்களா?"

"பாக்கல."

"ஏன்?"

அவள் படத்தாளை மடித்தாள். கிழிக்கவில்லை, எறியவில்லை. மெஷின் டிராயரில் ஃபால் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டு, பாதியில் விட்ட பிளவுஸை எடுத்துத் தைக்க ஆரம்பித்தாள்.

ரிட்டயர் ஆகும் நாளில் ஒரு வழக்கம் உண்டு. செக்‌ஷனில் மாலை போட்டு, சால்வை போர்த்தி, ஃபேக்டரி ஆட்கள் ஒரு வண்டி வைத்து வீடு வரை கொண்டுவந்து விடுவார்கள். வீட்டில் அவர்களுக்கு டீ, டிபன். நானும் எத்தனையோ பேரை அப்படிக் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். பலர் அதற்குள் சொந்த வீட்டுக்குப் போயிருப்பார்கள். வண்டி நேராக அங்கே போகும். வீட்டுக்காரம்மா எல்லாருக்கும் ரூம் ரூமாகச் சுற்றிக் காட்டுவாள். என் வண்டி குவார்ட்டர்ஸுக்கு வந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் அந்த ஒரு ரூமில் தோளோடு தோள் உட்கார்ந்தார்கள். முதல் நாளே சுவரிலிருந்து தாளை எடுத்துவிட்டேன். பசை போட்ட இடங்களில் சுண்ணாம்பு பெயர்ந்து, பட்டை பட்டையாகத் தெரிந்தது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள்.

அம்மா உப்புமாவும் ஜிலேபியும் வைத்தாள். ஃபோர்மன் நல்ல மனிதர். பேச்சை வளர்ப்பதற்காகத்தான் அம்மாவை மராத்தியில் அண்ணி என்று கூப்பிட்டுக் கேட்டார்:

"வைனி, கோந்த்வா ஃபிளாட் என்னாச்சு? பூஜைக்கு எங்களக் கூப்பிடுவீங்கல்ல?"

ரூமில் இருந்த பாதிப் பேருக்கு விஷயம் தெரியும். தெரிந்தவர்கள் ஜிலேபியைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். அம்மா என் முகத்தைக் காப்பாற்றுவாள் என்று நினைத்தேன். வேலை நடக்குது, இன்னும் ஆறு மாசம் ஆகும் என்று ஏதாவது சொல்லுவாள். நான் அவளாக இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன். மனதுக்குள் கெஞ்சவும் செய்தேன்.

"ஃபிளாட் இல்ல சாப்" என்று இந்தியில் சொன்னாள், எல்லாருக்கும் புரியும்படி. "பணம் போயிடுச்சு. கசார்வாடியில வாடகைக்குப் பாத்திருக்கோம். கீழ லேத் பட்டறை, சத்தம் இருக்கும். நீங்க வாங்க, டீ குடிக்கலாம். இன்னும் கொஞ்சம் உப்புமா?"

ஃபோர்மன் தட்டை நீட்டினார். அவர் வேறென்ன செய்வார்.

அன்று எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. இத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டுமா என்று ராத்திரி வரை பொருமினேன். பிறகுதான் தோன்றியது: இத்தனை வருடத்தில் அந்த வீட்டில் நடந்த உருப்படியான இன்ஸ்பெக்‌ஷன் அது ஒன்றுதான். கழிவை எண்ணிச் சொன்னவள் அவள். நான் இல்லை.

கசார்வாடிக்கு வந்துவிட்டோம். கீழே லேத் ஓடும்போது அடுப்பு மேல் பாத்திரம் நடுங்குகிறது. ஜன்னல் ரோட்டுப் பக்கம், மேற்கு. சாயந்திர வெயில் முழுக்கச் சமையல்கட்டில் அடிக்கிறது. அம்மா அதற்கு ஒரு பழைய புடவையைக் கிழித்துத் திரை தைத்திருக்கிறாள். என்னிடம் எதையும் அவள் குத்திக் காட்டுவதில்லை. சந்தைச் செய்தி வந்தால் மட்டும் எழுந்துபோய் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு வருகிறாள். நான் மறுபடி கூட்டச் சொல்வதில்லை.